ஆபத்பாந்தவன் அசிஸ்டன்ட் கோச்

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று ஒரு ரகம் உண்டு. மொத்தமே இரண்டாயிரம் மாணவர்கள் இருந்தால் அதிகம். செங்கல் கட்டடங்கள், மேப்பிள் மரங்கள், ஒரு மணிக்கூண்டு, ஊருக்கே ஒரு காபிக் கடை. தத்துவத்தில் கொஞ்சம், உயிரியலில் கொஞ்சம், கவிதையில் கொஞ்சம் என்று ஊட்டி முழு மனிதனாக்கி அனுப்புவதுதான் நோக்கம். மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர், ஒஹாயோவில் கென்யன், அயோவாவில் கிரின்னல் எல்லாம் இந்த ரகம்.

இங்கே விளையாட்டு எந்த லட்சணத்தில் தொடங்கியது என்பதற்குச் சரித்திரச் சான்றே இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் 1859 ஜூலையில் ஆம்ஹர்ஸ்டுக்கும் வில்லியம்ஸுக்கும் நடந்தது. ஆம்ஹர்ஸ்ட் 73-32 என்று ஜெயித்தது. அத்தோடு விட்டார்களா? மறுநாளே இரண்டு கல்லூரிக்காரர்களும் செஸ் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அதிலும் ஆம்ஹர்ஸ்டே ஜெயித்தது.

அந்தப் பரம்பரைக் குணம் இன்றும் போகவில்லை. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1973-இல் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தபோது, இவை பெரும்பாலும் மூன்றாவதில் போய் உட்கார்ந்தன. அங்கே விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கிடையாது. டிவி கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். பார்வையாளர்கள் என்று பார்த்தால் பெற்றோர் சிலர், காதலிகள் சிலர், யாரோ கூட்டிவந்த நாய் ஒன்று. ஆனால் பல கல்லூரிகளில் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஏதாவது ஓர் அணியில் ஆடுகிறார்கள். பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோற்றால் யாருக்கும் வேலை போகாத, ஜெயித்தால் யாரும் வாண வேடிக்கை விடாத இப்படிப்பட்ட இடத்தில், சனிக்கிழமை ஆட்டத்தை நினைத்து வியாழக்கிழமை ராத்திரியே தூக்கம் கெடுகிற ஜீவன் ஒன்று உண்டு. அவர்தான் அசிஸ்டன்ட் கோச்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். உடம்பில் இருக்கும் துணி அத்தனையிலும் கல்லூரிச் சின்னம் இருக்கும். சட்டை, ஜாக்கெட், தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில் எல்லாம் கல்லூரி கொடுத்தது. சம்பளத்தில் கொடுக்க முடியாததை நிர்வாகம் துணியில் கொடுத்துச் சரிக்கட்டுகிறது. சின்னங்களும் லேசுப்பட்டவை அல்ல. வில்லியம்ஸுக்கு ஊதா நிறப் பசு, ஆம்ஹர்ஸ்டுக்கு மாமத யானை, கலிபோர்னியாவின் பொமோனா-பிட்ஸருக்குப் புதர்க்காட்டுக் கோழி. நெஞ்சில் ஊதாப் பசுவைச் சுமந்துகொண்டு, எதிரணியை மிரட்டும் பார்வையோடு நடந்துபோவது எல்லோராலும் ஆகிற காரியமா? நம்மவரால் ஆகும்.

தமிழ் சினிமாவில் துணை இயக்குநர் என்றால் யார் என்று நமக்குத் தெரியும். கிளாப் அடிப்பார், நடிகருக்கு வசனம் சொல்லித்தருவார், யூனிட்டுக்கு இட்லி வந்ததா என்று பார்ப்பார். சட்டைப் பையில் மட்டும் எப்போதும் சொந்தக் கதை ஒன்று தயாராக இருக்கும். அவரைப் புல்தரையில் நிறுத்தி விசிலைக் கழுத்தில் மாட்டினால் நம்மவர். இவர் பையில் இருப்பது, தான் ஹெட் கோச் ஆன பிறகு செய்யப்போகும் சீர்திருத்தங்களின் பட்டியல்.

அதுவரை செய்யும் வேலைகளைச் சொல்லி மாளாது. பயிற்சி முடிந்ததும் வியர்வைத் துணிகள் வலைப்பைகளில் வந்து சேரும். எண்ணிச் சலவைக்குப் போடுவார். வெளியூர் ஆட்டம் என்றால் வேன் ஓட்டுவார். நாற்பது பேருக்கு சாண்ட்விச் ஆர்டர் செய்வார். அதில் மூன்று பேருக்கு வேர்க்கடலை ஆகாது, ஐந்து பேர் சைவம், ஒருவன் இந்த வாரம் மட்டும் சைவம். ஆட்டத்தின்போது ஏணியோ மேடையோ எது கிடைக்கிறதோ அதில் ஏறி நின்று வீடியோ எடுப்பார். ராத்திரி உட்கார்ந்து அதைத் துண்டு துண்டாக வெட்டி, ‘உன் இடது கால் எங்கே போகிறது பார்’ என்று குறிப்பெழுதி ஒவ்வொருவனுக்கும் அனுப்புவார். பையன் அதை மறுநாள் பொருளாதார வகுப்பில், பேராசிரியருக்குத் தெரியாமல் பார்ப்பான்.

இவ்வளவும் உபதொழில்தான். அசல் தொழில் ஆள் பிடிப்பது.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு மட்டும் எழுபது எண்பது பேர் வேண்டும். வருஷத்துக்கு இருபது பேராவது பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த இருபது இடத்துக்குப் புது ஆள் வேண்டும். அவன் ஆறடி உயரம் இருக்க வேண்டும், ஓட வேண்டும், கால்குலஸில் ‘ஏ’ வாங்கியிருக்க வேண்டும், வருஷத்துக்கு எண்பதாயிரம் டாலரைத் தாண்டும் செலவைக் கேட்டு அவன் அப்பா மயங்கி விழாமல் இருக்க வேண்டும். இந்த நான்கு லட்சணமும் ஒருங்கே பொருந்திய பையனைத் தேடிப் பள்ளிக்கூட மைதானங்களில் அலைவதும், பதினேழு வயசுக்காரர்களுக்கு இரவும் பகலும் மெசேஜ் அனுப்புவதும்தான் நம்மவரின் வாழ்க்கை. தன் காதலிக்குக்கூட இவ்வளவு நயமாக அவர் எழுதியது இல்லை.

அப்பாக்களோடு நடக்கும் தொலைபேசிப் பேச்சு தனிக் கலை.

“என் பையனுக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப் எவ்வளவு தருவீர்கள்?”

“விளையாட்டுக்கு என்று ஒரு டாலரும் தர முடியாது சார். எங்கள் டிவிஷனில் விதியே அப்படி. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கல்லூரி உதவி செய்யும்.”

“பெரிய பல்கலைக்கழகத்தில் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்கிறார்களாமே?”

“ஏற்றுக்கொள்வார்கள் சார். ஆனால் நாலு வருஷமும் பையன் பெஞ்சில்தான் உட்காருவான். இங்கே அந்தக் கவலையே வேண்டாம். பெஞ்சில் உட்காரவைக்கும் அளவுக்கு எங்களிடம் ஆள் கிடையாது.”

அப்பா சிரித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி அட்மிஷன் ஆபீஸில் இருக்கிறது. கறாரான கல்லூரிகளில், கோடைக்காலத்திலேயே பையனின் மதிப்பெண் பட்டியலை அங்கே கொடுத்து, ‘இவன் தேறுவானா?’ என்று முன்கூட்டிப் பார்க்கச் சொல்லலாம். உள்ளே இருப்பவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்ப்பார். “வேதியியலில் ‘பி’ வாங்கியிருக்கிறானே?” என்பார். தன் காலத்தில் வேதியியல் லேப் பக்கமே தலைவைத்துப் படுக்காத நம்மவர், அந்த ‘பி’யின் பின்னணியில் இருந்த ஆசிரியர் மாற்றம், கை எலும்பு முறிவு, பாட்டியின் உடல்நிலை ஆகிய மூன்றையும் விளக்கிப் பதினைந்து நிமிஷம் வாதாடுவார். வக்கீலுக்குப் படித்திருந்தால் இந்நேரம் சொந்த வீடு இருந்திருக்கும்.

பிறகு பையன் ஊரைப் பார்க்க வருவான். நம்மவர் நூலகத்தைக் காட்டுவார். உள்ளே எங்கே எது இருக்கிறது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. ஆனால் எந்தக் கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் பொரித்த கோழி போடுகிறார்கள் என்பது அத்துப்படி. முக்கியமான பையன்கள் அந்தக் கிழமையில்தான் வரவழைக்கப்படுவார்கள். ‘வந்தால் உங்கள் கல்லூரிக்குத்தான் வருவேன்’ என்று பையன் கட்டுப்பட்டு விண்ணப்பிக்கும் நவம்பர் வரை நம்மவருக்கு நெஞ்சு படபடப்புதான். பையன் கடைசியில் எதிரிக் கல்லூரிக்குப் போய்விட்டால், அடுத்த நாலு வருஷமும் வருஷத்துக்கு ஒருமுறையாவது அவனை எதிரணிச் சட்டையில் பார்த்துப் பெருமூச்சுவிட வேண்டும். துரோகத்தை இவ்வளவு ஒழுங்கான கால அட்டவணைப்படி சந்திக்கும் தொழில் வேறு இல்லை.

உதவிப் பயிற்சியாளர்களில் உட்பிரிவுகள் உண்டு. போன வருஷம் வரை இதே அணியில் ஆடியவர் முதல் வகை. நேற்றுவரை ‘மச்சான்’ போட்டுப் பேசிய சிநேகிதனை இன்று ‘பத்து ரவுண்டு ஓடு’ என்று சொல்ல வேண்டிய தர்மசங்கடம் அவருக்கு. இரண்டாம் வகை ஊர் ஊராகப் போகிறவர். ஐந்து வருஷத்தில் நாலு மாநிலம். உலக உடைமை எல்லாம் ஒரு காரின் டிக்கியில் அடங்கும். பெண்கள் சாஃப்ட்பால் அணிக்கு இப்படி வந்த அம்மணியிடம் “சொந்த ஊர் எது?” என்று கேட்டால், சட்டைச் சின்னத்தை ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். மூன்றாம் வகை உள்ளூர்ப் பெரியவர். பகலில் பள்ளிக்கூட வாத்தியார் அல்லது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், மாலையில் கோச். ஹெட் கோச்சுகள் வருவார்கள், போவார்கள். அவர் அசைய மாட்டார். கைக்கு வருவது பெட்ரோலுக்குப் போதுமா என்பதே சந்தேகம். அந்த மைதானத்தில் அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட மற்றவர்களுக்குத் தெரியாது. அவர் அதைச் சொல்லிக்காட்டுவதும் இல்லை, மறைப்பதும் இல்லை.

முதல் இரண்டு வகைக்கும் இரவில் ஆறுதல் தருபவை இரண்டு புராணங்கள். ஒன்று கிரெக் பாப்போவிச் புராணம். 1979-இல் பொமோனா-பிட்ஸர் கூடைப்பந்து அணிக்கு வந்தார். முதல் சீசனில் 22 தோல்வி, இரண்டே வெற்றி. பிற்பாடு அவரே சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு ஐந்து என்.பி.ஏ. பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். இன்னொன்று பில் பெலிச்செக் புராணம். வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் 1975-இல் பட்டம் வாங்கியவர், பால்டிமோர் கோல்ட்ஸ் ஃபுட்பால் அணியில் வாரம் 25 டாலருக்கு வீடியோவுக்கு முந்தைய காலத்து ஃபிலிம் பார்க்கும் எடுபிடியாகச் சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளராக ஆறு சூப்பர் பௌல் ஜெயித்தார். ஆகவே, இப்போது துணி துவைத்துக்கொண்டிருப்பது ஒன்றும் வீண்போகாது என்பது நம்மவரின் கணக்கு.

பெலிச்செக் புராணத்தில் ஒரு கிளைக்கதை இருக்கிறது. மூன்றாம் வகையினர் அதைத்தான் விரும்பிச் சொல்வார்கள். பில்லின் அப்பா ஸ்டீவ் பெலிச்செக், கடற்படை அகாடமியில் முப்பது வருஷத்துக்கும் மேல் உதவிப் பயிற்சியாளராகவே இருந்தார். எதிரணியை எப்படி வேவு பார்ப்பது என்று 1962-இல் ஒரு புத்தகமும் எழுதினார். ‘மகன் ஜெயித்த கோப்பையில் அப்பா பங்கு எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டு, பெரியவர் கூம்புகளை அடுக்கப் போய்விடுவார்.

மற்றபடி புகழுக்கும் இந்தத் தொழிலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 2012 நவம்பரில் கிரின்னல் கல்லூரியின் ஜாக் டெய்லர் ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தார். நாடே வாயைப் பிளந்தது. அதே ஆட்டத்தில் தோற்ற அணியில் ஒருவர் 70 புள்ளி எடுத்திருந்தார். எழுபது! வேறு எந்த ராத்திரியிலும் அது தலைப்புச் செய்தி. அவர் பேர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அணியில் உதவிப் பயிற்சியாளருக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய அதுதான்.

பேராசிரியர்களோடு அவருக்கு இருக்கும் உறவு விசித்திரமானது. வியாழக்கிழமை லேப் நாலு மணி வரை; பயிற்சியும் நாலு மணிக்கு. கோல்கீப்பர் பாதுகாப்புக் கண்ணாடியோடு ஓடிவருவான். படிப்புதான் முதல் என்பது இந்த டிவிஷனின் வேதவாக்கு, எனவே நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “லேப் எப்படி இருந்தது?” என்று விசாரிப்பார். கல்லூரியின் லேப் அட்டவணை பதிவாளருக்கு மறந்தாலும் இவருக்கு மறக்காது. விருந்தில் சந்திக்கும் பேராசிரியர், “ஆட்டம் இல்லாத மாதங்களில் என்ன செய்கிறீர்கள்?” என்று அன்போடு கேட்பார். நம்மவர் பதில் சொல்லத் தொடங்குவார்; பேராசிரியர் தட்டில் இருக்கும் பாலாடைக்கட்டி தீர்ந்துவிடும், பதில் தீராது.

ஆனால் அதே பேராசிரியர் பிப்ரவரி மாதம் ஒருநாள் அவருக்கே போன் செய்வார். “அந்தப் பையன் ஒரு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. மெயிலுக்கும் பதில் இல்லை.” பத்து நிமிஷத்தில் நம்மவர் விடுதிக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். யாருடைய பெற்றோர் பிரிகிறார்கள், எவன் காதல் முறிந்து சாப்பிடாமல் கிடக்கிறான், எவள் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அறையைவிட்டு வெளியே வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகக் கவனிக்கிறோம் என்று கல்லூரியின் பளபளப்பான கையேட்டில் அச்சடித்திருக்கிறதே, அந்த வாக்கியத்தைக் காலையில் ஆறு மணிக்கு எழுந்து நிஜமாக்குகிறவர்களில் இவரும் ஒருவர். கையேட்டில் அவர் படம் இருக்காது. மேப்பிள் மரம் இருக்கும்.

இத்தகையவரோடு பழக ஆசைப்பட்டால் சில யோசனைகள். ‘உங்கள் முழுநேர வேலை என்ன?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை ஜெயித்தீர்களா என்றும் கேட்க வேண்டாம். தோற்றிருந்தால் முகத்திலேயே தெரியும், ஜெயித்திருந்தால் அவரே நிறுத்தாமல் சொல்வார். ‘அடுத்த வருஷம் யார் யார் வருகிறார்கள்?’ என்று கேளுங்கள். கண்ணில் ஒளி வரும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். போனில் பத்து வீடியோ காட்டுவார். பதினோராவது வீடியோவில் சட்டென்று நிறுத்தி, உங்கள் வீட்டில் பிள்ளைகள் உண்டா, என்ன உயரம் என்று விசாரித்தால் நட்பு உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். உயரத்தைச் சொல்லுங்கள். கணக்கில் என்ன மார்க் என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள். அட்மிஷன் ஆபீஸில் அவர் வாதாட வேண்டியிருக்கும்.