ஒத்தக்கண்ணுக் காரும் கொழும்பு மருமகனும்

வாங்க மருமகனே, வாங்க. கீழ கோயில் வளைவுல திரும்புனப்ப யாரோ மோட்டார் சைக்கிள்ல வர்றாங்கன்னு நெனச்சேன். பொறகு பாத்தா பக்கத்துலயே ஒரு மின்மினிப்பூச்சியும் கூடவே பறந்து வருது. அது உங்க காரோட மத்தக் கண்ணாம். பரவால்ல, பேச்சுல காட்டாத சிக்கனத்த வெளிச்சத்துலயாவது காட்டுறீங்களே.

உக்காரு. அத்த சாயம் ஊத்துறா. இந்தக் காருக்கு எவ்வளவு குடுத்தன்னு கேக்க மாட்டேன், கேட்டா எனக்குத்தான் பிரஷர் ஏறும். 2020 மார்ச்சுல வண்டி எறக்குமதிய நிப்பாட்டுனாங்க, 2025 பெப்ரவரியிலதான் காருக்குத் தொறந்துவிட்டாங்க. அந்த அஞ்சு வருஷத்துல பழைய காருக்கு வந்த மவுசு பழைய மாமனுக்கு வரலியேன்னுதான் என் கவல.

சரி, சொல்லு. என்னென்ன வைத்தியம் பாத்த?

பல்ப மூணு தரம் மாத்துனியா? நல்ல காரியம். நாலாவது தரமும் மாத்து. சாமான் கடக்காரனுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல. மொதப் பல்பு ஏன் போச்சு தெரியுமா? கண்ணாடியில வெரல வச்சுத் திருகியிருப்ப, அதுவும் ரொட்டியும் சம்பலும் தின்ன கையால. ஹாலஜன் பல்புல எண்ணக்கை பட்டா அந்த எடம் மட்டும் கூடச் சூடாகி பொக்குனு போயிரும். அடிப்பக்கத்துத் தகட்டப் புடிச்சு மாட்டணும், இல்ல சுத்தமான துணியால புடிக்கணும்.

ரெண்டாவதா 100/90 வாங்கி மாட்டுனியாக்கும். சபாஷ். 60/55 போதும்னு காரு செஞ்சவன் சொன்னான், அவன் உன்னயப் பாக்காதவன். 12 வோல்ட்டுல 60 வாட் பல்பு 5 அம்பியர் இழுக்கும். 100 வாட்டுன்னா எட்டுக்கு மேல. அதே ஒல்லி வயரு, அதே சுவிச்சு. இந்தா பாரு, சொக்கட்டு பழுப்பேறி, கருகுன ரொட்டி கெணக்கா இருக்கு. பீலியில தண்ணி வரலன்னா பீலிய எட்டிப் பாக்காம குடத்தப் பெருசா வாங்குற ஆளுய்யா நீ.

மூணாவது எல்.ஈ.டி.யா? அது தருமக் காரியம். லைட்டுக்குள்ள இருக்கிற கிண்ணம் பழைய பல்போட கம்பிச்சுருள் நிக்கிற எடத்துக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது. அங்க வேற ஒண்ணக் கொண்டுபோய் நிறுத்துனா வெளிச்சம் நாலா பக்கமும் செதறும். ரோடு உனக்குத் தெரியாது, எதுக்க வர்றவன் கண்ணு மட்டும் நல்லாத் தெரியும். கந்தப்பளைப் பக்கம் பனிமூட்டத்துல ஹைபீமையும் போட்டுக்கிட்டு வந்திருப்பியே? முன்னால வெள்ள வேட்டி காயப்போட்ட மாதிரி இருந்திருக்கும். மூட்டங்கிறது பூரா தண்ணிப்பொடி. நீ எவ்வளவு வெளிச்சம் அடிக்கிறியோ அவ்வளவும் உன் மூஞ்சிக்கே திரும்பும். மூட்டத்துல டிம்முதான் போடணும். சத்தம் போட்டாக் காரியம் நடக்கும்னு நெனைக்கிறவங்களுக்கு இது வெளங்காது.

அத்த இன்னொண்ணும் சொன்னா. பல்லு வெளக்குற பேஸ்ட்ட ஹெட்லைட்டுக் கண்ணாடியில போட்டு ஒரு மணி நேரம் தேச்சியாமே. அடேய், வெயில்ல மஞ்சளாப் போறது புதுக் காருங்களோட பிளாஸ்டிக்கு மூடி. அதுலயும் பேஸ்ட்டுத் தேச்சா மேல இருக்கிற காப்புப் பூச்சும் சேந்து போயி, முன்ன விட வெரசா மஞ்சளாகும். உன் காரு கெழவி. அதுக்கு மாட்டியிருக்கிறது அசல் கண்ணாடி. நீ எவ்வளவு பேஸ்ட்டப் போட்டுத் தேச்சாலும் ஒண்ணும் ஆகாது. வாசனையா இருக்கும், அவ்வளவுதான்.

நான் தோட்டத்து லொறியில கொழுந்து ஏத்தி ஸ்டேரிங் புடிச்ச காலத்துல கராஜ் பாஸ் ஒருத்தரு இருந்தாரு. லைட்டு எரியலன்னு சொன்னா பல்புப் பக்கமே போகமாட்டாரு. மொதல்ல பீடியப் பத்த வைப்பாரு. பொறகு, "சிக்னலப் போடு"ம்பாரு. நீயும் போடேன், இடது சிக்னல்.

பாத்தியா! சிக்னல் மினுங்க மினுங்க அந்த மங்கக் கண்ணும் கூடவே தாளம் போடுது. ஹெட்லைட்டுக்கும் சிக்னலுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டும் ஒரே எர்த்து. பெட்டரியில இருந்து பல்புக்குப் போன கரண்டு அங்கயே பாய் விரிச்சுப் படுத்துக்க முடியாது மருமகனே, திரும்ப மைனஸுக்கு வந்தாகணும். அதுக்கு பெட்டரி வரைக்கும் தனி வயரு இழுக்காம, காரோட பொடியவே வழியா வச்சிருக்கான். கறுப்பு வயரு ஒண்ணு, நுனியில ஒரு வளையம், ஒரு போல்ட்டு. அதுல துரு ஏறுனா வழி அடைபட்டுப் போகும். வழி கெடைக்காத கரண்டு பக்கத்துப் பல்புக்குள்ள பூந்து சந்துபொந்து தேடும். அதான் இந்தத் தாளம்.

போறதத்தான் எல்லாரும் பாப்பாங்க. கொழும்பு பஸ்ஸுல ஏறும்போது பாதி ராகலை வந்து கையாட்டுச்சு. திரும்பி வர்ற வழி தொறந்திருக்கான்னு எவன் பாத்தான்? ஏழு மாசமாகுது. நான் உன்னச் சொல்லல, எர்த்தச் சொல்றேன்.

நம்ம ஊரு ரயிலும் அப்பிடித்தான். நானுஓயாவுல இருந்து நுவரெலியா வழியா ராகலைக்கு 1904ல சின்ன ரயில் வந்துச்சு, ரெண்டரையடி அகலத் தண்டவாளம். 1940கள்ல அதையும் மூடிட்டாங்க. போன ரயிலு போனதுதான். அந்தக் காலத்துத் தொரைமாரு ஓட்டுன மொரிஸ் மைனர்ல எர்த்துலயே இன்னொரு கூத்து, பிளஸ்ஸதான் பொடியில கட்டியிருப்பான். அது தெரியாம பெட்டரிய மாத்திக் கட்டி ரேடியோவக் கருக்குனவங்க உண்டு. யாருன்னு கேக்காத. அத்தைக்கு இன்னும் தெரியாது.

இந்தா, இந்த வயரோட ஒரு நுனிய பெட்டரி மைனஸுல வை. மத்த நுனிய லைட்டுக்குப் பின்னால இருக்கிற கறுப்பு வயருல தொடு. சிவப்பத் தொட்டுறாத, பொறி பறக்கும். தொட்டியா? கண்ணு தொறந்துச்சா? அஞ்சு ரூவாச் செலவில்ல. மீட்டர் வச்சிருந்தா கறுப்புக்கும் மைனஸுக்கும் நடுவுல வச்சுப் பாத்திருக்கலாம். லைட்டு எரியும்போது அங்க கிட்டத்தட்ட சைபர் காட்டணும். ரெண்டு வோல்ட்டு காட்டுனா வெளிச்சத்துல ஏறக்குறைய பாதி துருவுக்குப் படையல் போகுதுன்னு அர்த்தம்.

இப்ப லைட்ட அமத்திட்டு பெட்டரி மைனஸக் கழட்டு. அந்த போல்ட்டையும் கழட்டு. வராது. பெட்டரித் தண்ணி சிந்திச் சிந்திப் பச்சையும் வெள்ளையுமா பூத்துப்போய்க் கெடக்கு. கொஞ்சம் சுடுதண்ணி ஊத்து. ம். வளையத்தையும் தகட்டையும் சேண்ட் பேப்பரால தேய், பெயின்ட்டெல்லாம் போயி வெறும் இரும்பு பளிச்சுனு தெரியுற வரைக்கும். பேஸ்ட்டுத் தேச்ச கைதான, நல்லாத் தேய். இறுக்கி முறுக்குனதுக்கு அப்புறம் மேல கிரீஸ் பூசு. மொதல்லயே பூசிறாத. அந்த எல்.ஈ.டி.யக் கழட்டிட்டு 60/55ஐ மாட்டு. மிச்ச பல்ப என்ன பண்றதா? தீவாளிக்குத் தோரணம் கட்டு.

முடிஞ்சிச்சா? இனி வண்டிய உங்கம்மா காம்பராச் செவத்துக்கு நேரா நிறுத்து, 25 அடி தள்ளி, மட்டமான எடத்துல. லைட்டோட நடுமட்டம் தரையில இருந்து எவ்வளவு ஒசரம்னு அளந்து செவத்துல கரியால கோடு போடு. டிம்முல வெளிச்சத்தோட மேல்விளிம்பு அதுக்கு மூணு இஞ்சு கீழ விழணும். அதுக்கு மேல போனா எதுக்க வர்றவன் உங்கம்மாவ வையிவான், ரொம்பக் கீழ போனா நீயே ரோட்ட வையிவ. பின்னால இருக்கிற திருகாணியில திருப்பு. மெதுவா.

போடு பாப்பம். அடேயப்பா! லயமே பகலாயிருச்சு. அந்தா, குறுக்க ஓடுது பாரு கோடு. எங்க, கிட்டப் போயிப் பாரு, நேரா இருக்கா? கோணலாவா? கோணத்தான் செய்யும். அது வெளிச்சக் கோடு இல்ல மருமகனே, வெடிப்பு. போன தீவாளிக்கு சீமெந்து வாங்கியாறேன்னு சொல்லிட்டுப் போனியே, அந்த வெடிப்பு. அமத்து, அமத்து, உங்கம்மா கதவத் தொறக்குறா.