ஃபோம் கவசமும் அதைக் காக்கும் வீரனும்: ஓர் ஆய்வு

கவசம் உடம்பைக் காக்கும் என்பது உலக வழக்கு. கதைமாந்தர் வேடம் (காஸ்ப்ளே) போடுவோர் அணியும் ஃபோம் கவசத்தைப் பொறுத்தவரை உடம்புதான் கவசத்தைக் காத்தாக வேண்டும் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். வாளும் வேலும் இதற்குப் பகையல்ல. நாற்காலிக் கை, ஆட்டோக் கம்பி, செல்ஃபி எடுக்க வந்து தோளில் கைபோடும் அன்பர் ஆகிய மூன்றுமே பகை என்க.

இந்த வேடத்தின் வரலாறு சுருக்கமானது. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ரசிகர் ஃபாரஸ்ட் ஆக்கர்மன் எதிர்கால மனிதன் உடையில் போனார்; அதைத் தைத்துக் கொடுத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். துணியோடு நின்றுகொண்டார்கள், பிழைத்தார்கள். கவச மரபுக்குக் கர்ணனே முன்னோடி என்பாரும் உளர். அது பொருந்தாது. அவன் கவசத்தோடு பிறந்தவன். அளவெடுக்கவுமில்லை, பசை காயக் காத்திருக்கவுமில்லை. கழற்றும்போது பட்ட பாடு ஒன்றுதான் நம்மவரோடு ஒப்பிடத்தக்கது.

மூலப்பொருள் எத்திலீன் வினைல் அசிடேட், சுருக்கமாக ஈ.வி.ஏ. செருப்பின் அடியிலும் ஜிம் தரையிலும் கிடந்த பொருள் தலைக்கு ஏறியதைச் சமூகவியலார் இன்னும் ஆராயவில்லை. மார்புக்கு 10 மி.மீ., தலைக்கு 5 அல்லது 6, பூவேலைக்கு 2 என்பது மரபு.

தலையை அளக்கும் முறை விநோதமானது. மூக்குக்கும் வாய்க்கும் வழிவிட்டு, தலையைச் சுற்றிக் கிளிங் ஃபிலிம், அதன்மேல் மாஸ்கிங் டேப். பிறகு மார்க்கரால் நடுக்கோடும் காதோரக் கோடும் போட்டு, வெட்டிக் கழற்றினால் ஆரஞ்சுத் தோல்போல் விரியும். அதில் பாதியை மட்டும் தாளில் வரைந்து, தாளைப் புரட்டி மறுபாதியை எடுக்க வேண்டும். நம் தலைகள் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கவசம் அப்படி இருந்தாக வேண்டும். ஃபோமின் கனத்துக்கு இடம்விட்டு வரையாதவர் தலைக்கவசம் தம்பிக்குப் போய்ச் சேரும்.

வெட்டுவதில் இரு பள்ளிகள் உண்டு. கத்தரிக்கோற் பள்ளி, தையல் கத்தரியைக் காணோம் என்று அம்மா தேடத் தொடங்கிய அன்றே அழிந்தது. எஞ்சியது கட்டர் பள்ளி. பிளேடு மழுங்கினால் ஃபோமை வெட்டாது, கடித்துத் துப்பும். எனவே பிளேடை அடிக்கடி மாற்றுக. கஞ்சத்தனம் இங்கே விளிம்பில் தெரிந்துவிடும்.

இனி ஒட்டுதல். தொடக்கநிலையாளர் அனைவரும் வீழும் களம் இதுவே. கான்டாக்ட் பசையை இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவி, ஈரம் போகும்வரை, ஏறக்குறைய பத்து நிமிடம், சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எவ்வளவு அரிது என்று தாயுமானவர் முன்பே பாடியிருக்கிறார். அவசரப்பட்டால் வழுக்கும்; காத்திருந்தால் தொட்ட கணமே பிடித்துக்கொள்ளும், பிறகு பிரம்மனாலும் நகர்த்த முடியாது. ஆகவே இரு விளிம்பிலும் முன்பே போட்டுவைத்த குறிக்குக் குறி சேர்த்து, விரலகலம் விரலகலமாக அழுத்திச் செல்க.

சூடு காட்ட ஹீட் கன் வேண்டும். ஃபோமின் மேற்பரப்பு லேசாகப் பளபளத்தால் நுண்துளைகள் அடைபட்டன என்று பொருள். அந்தச் சூட்டிலேயே முழங்காலில் வைத்து வளைத்து, ஆறும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். பேன்ட் போட்டிருப்பது நலம். நீர் கலந்த ஃபெவிகால் சில பூச்சு, அதன்மேல் வெள்ளிப் பெயின்ட். கடைசியில் நீர்த்த கறுப்பைப் பூசித் துணியால் துடைத்தால், இடுக்குகளில் மட்டும் கறை தங்கி, கவசம் பல போர்களைக் கண்டதாகிவிடும். அணிந்தவர் கண்டது ஷாமியானாவின் வெக்கையை மட்டுமே.

முதன்முதலில் செய்பவர் தலையில் கைவைக்காமல் முன்கைக் கவசத்தில் தொடங்கவும். பசை பூசும்போதும் சூடு காட்டும்போதும் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த மாஸ்க்கைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். துணி மாஸ்க் போதாது. இவ்வாய்வில் பேசப்பட்டவற்றுள் உடம்பை மெய்யாகவே காக்கும் கவசம் அந்த வடிகட்டி மாஸ்க் ஒன்றுதான்.