முட்டினால் மூர்ச்சை

ரோபோ சுமோவில் 3 கிலோவுக்கு மிகாத இரண்டு பெட்டிகள், 154 செ.மீ. விட்டமுள்ள வட்ட மேடையில் ஒன்றையொன்று வெளியே தள்ளப் பார்க்கும். ஆட்டம் தொடங்கியதும் 5 விநாடி அசையாமல் நின்றுவிட்டுத்தான் பாய வேண்டும் என்பது விதி. எங்கள் லேப் பையன்கள் செய்த ரோபோவுக்கு இந்த விதி ரொம்பவே பிடித்துப்போனது. எதிராளி வந்து முட்டியதும் மறுபடியும் ஒரு 5 விநாடி நிற்கும். அதற்குள் அதை மரியாதையாக வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"கோடுல ஒண்ணும் இல்ல சார்" என்றான் புரோகிராம் எழுதியவன். சக்கரத்தில் கிரிப் போதவில்லை என்று ஒருவன் ரப்பர் தேடப் போனான். இன்னொருவன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமே வைத்துவிட்டான். அதில் செம்பையும் துத்தநாகத்தையும் செருகினால்கூட ஒரு வோல்ட் தேறாது. ஆனாலும் அன்று முன்வைக்கப்பட்ட யோசனைகளில் மின்சாரத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வந்தது அதுதான்.

விஷயம் இதுதான். ஓடுகிற மோட்டார் கேட்கிற கரண்ட் கொஞ்சம். முட்டிக்கொண்டு நிற்கிற மோட்டார் கேட்பது அதைப்போலப் பல மடங்கு. அந்த நேரம் வோல்டேஜ் சரிகிறது. ஆர்டுயினோ ஊனோவில் உள்ள சிப், சப்ளை 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். எழுந்ததும் அதற்குச் சண்டை நினைவில் இருக்காது. சுவிட்ச் இப்போதுதான் போட்டார்கள் என்று நம்பி, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிக்கும்.

சர்க்யூட் பார்க்கிற பையன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மல்டிமீட்டரை நீட்டினான். "12.4 இருக்கு சார், பாருங்க." இருக்கும். சும்மா நிற்கிற ரோபோவில் வோல்டேஜ் பார்ப்பது, பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் பொறுமையை அளப்பது மாதிரி. ரோபோவைச் சுவரில் முட்டவிட்டு, லோடு ஏறியிருக்கும்போது அளக்கச் சொன்னேன். பேட்டரி முனையில் வோல்டேஜ் அவ்வளவாக இறங்கவில்லை. அப்படியானால் வழியில் எங்கோ தின்கிறார்கள். ஒரு புரோபை பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை மோட்டார் டிரைவர் பிளஸ்ஸிலும் வைக்கச் சொன்னேன்.

"ஒரே ஒயரோட ரெண்டு முனைதானே சார்? ஜீரோதான் காட்டும்."

2.8 காட்டியது. வழியில் 0.3 ஓம் தடை இருந்தாலே 10 ஆம்பியர் பாயும்போது 3 வோல்ட் அங்கேயே போய்விடும். டெர்மினல் ஸ்குரூவைத் தொட்டேன். ஒயர் கையோடு வந்தது; முட்டுகிற அதிர்ச்சியில் இது ஒரு கணம் விட்டுப்போனால் போர்டுக்கும் சப்ளை போய்விடும். முனையில் பளபளவென்று ஈயம். அழகுக்கு அழகு, பலத்துக்குப் பலம் என்று நினைத்துப் பையன் சால்டர் வைத்து முறுக்கியிருக்கிறான். ஸ்குரூ அழுத்த அழுத்த ஈயம் மெல்ல நசுங்கிக் கொடுக்கும். நாளாக நாளாகப் பிடி தளரும். முனையை வெட்டி லக் போட்டு இறுக்கினோம். போர்டுக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி கொடுத்து, கிரவுண்டை மட்டும் சேர்த்தோம்.

அடுத்த ஆட்டத்தில் ரோபோ மயங்கவே இல்லை. முழு வேகத்தில் பாய்ந்தது. எதிராளி லேசாக விலகிக்கொள்ள, ஓரத்து வெள்ளைக் கோட்டை மதிக்காமல் நேரே மேடையை விட்டு இறங்கி, நடுவரின் ஷூவில் போய் முட்டி, விடாமல் தள்ளிக்கொண்டிருந்தது.

சர்க்யூட் பையன் மல்டிமீட்டர் ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்தான். "பவர்ல ஒண்ணும் இல்ல சார்" என்றான், புரோகிராம்காரனைப் பார்த்துக்கொண்டே.