வைஃபைக்கு வயசு வித்தியாசம் தெரியாது

எங்கள் மாசாய் வீட்டில் பாட்டிக்குப் பரிமாறிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தட்டு. வைஃபைக்கு அந்த மரியாதை கிடையாது. ராத்திரி எட்டானால் பாட்டியின் தொடர் பெரிய டிவியில் ஓடும். மனைவி கிள்ளானிலிருக்கும் தங்கையோடு வாட்ஸ்அப்பில் ஊர்வம்பு பேசுவாள். மகன் மொபைல் லெஜண்ட்ஸில் போர் நடத்துவான்.

"ப்பா, லேக் ஆவுதுலா! டீம்ல எல்லாரும் ஏசுறானுங்க. பெரிய பிளான் எடுங்கப்பா!"

பிளான் எடுத்தால் வெள்ளிதான் குறையும். நான் மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். எனக்கு இந்தத் தாமதம் பழகிய சங்கதி. ஜொகூர் பாலத்தில் சரக்கு லாரி அரை மணி தாமதித்தால் உலகம் முழுகாது. லாரிக்குப் பின்னால் மோட்டார்காரன் மாட்டினால் அன்றைக்கு முதலாளி முகத்தில் விழிக்க முடியாது. அதற்குத்தான் மோட்டாருக்குத் தனிப் பாதை. இணையத்திலும் அப்படித்தான். படம் லாரி ரகம். 4கே தரத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேண்டுமென்கிறது நெட்ஃபிளிக்ஸ். ஆனாலும் வரப்போகும் காட்சியை முன்பே இறக்கி வைத்துக்கொள்வதால் நடுவில் சற்று நின்றாலும் பாட்டிக்குத் தெரியாது. விளையாட்டு மோட்டார் ரகம். சுமை கொஞ்சம், அவசரம் அதிகம்.

வைஃபையிலும் தனிப் பாதை உண்டு. 2005-இல் வந்த 802.11இ விதி, போக்குவரத்தைக் குரல், காணொளி, சாதாரணம், பின்னணி என நாலாகப் பிரித்தது. காற்றில் ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். அடுத்து யார் என்பதற்கு ஒவ்வொரு கருவியும் ஓர் எண்ணை எடுக்கும். சின்ன எண் முந்தும். குரலுக்கு 0 முதல் 3 வரை, காணொளிக்கு 7 வரை, சாதாரணத்துக்கு 15 வரை. நாலிலும் விளையாட்டு இல்லை! விதி எழுதிய பெரியவர்கள் வீட்டில் பையன்களே இல்லை போலும். 'குரல்' என்ற முத்திரையோடு வந்தால் கிள்ளான் வம்புக்கு முதலிடம். முத்திரையில்லாத மகனின் போர் 'சாதாரணம்'.

சும்மா இருப்பானா? ரவுட்டர் அமைப்பில் நுழைந்து தன் ஃபோனுக்கு 'மிக உயர்ந்த முன்னுரிமை' கொடுத்தான். மகள் அதைக் கண்டுபிடித்துத் தன்னுடையதையும் ஏற்றினாள். பிறகு பாட்டி கேட்டு டிவியும் ஏறியது. நான் பார்த்தபோது அச்சுப்பொறி மட்டும் கீழே கிடந்தது.

உண்மையான குற்றவாளி வேறு. ஜொகூர் பாரு கண்ணாடிக் கோவிலில் மனைவி எடுத்த அத்தனை படங்களும் அவள் ஃபோனிலிருந்து மேகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன. மேலேறும் தடம் குறுகல். மோடம் எதையும் கைவிட மனமில்லாமல் வரிசையை நீட்டிக்கொண்டே போகும். மகனின் குட்டிப் பொட்டலம் அதன் வாலில் நிற்கும்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்கப்பா."

சொல்வதாவது! ரவுட்டரில் 'கேக்' என்றொரு முறையைப் போட்டேன். அனுப்பும் வேகத்தைத் தடத்தின் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, எல்லாருக்கும் முறைவைத்துப் பங்கு வெட்டிக் கொடுக்கும். படங்களும் ஏறின, விளையாட்டில் தாமதத்தைக் காட்டும் பிங்கும் பச்சையிலேயே நின்றது.

அன்றைக்கும் மகன் தோற்றான். "டீம் சரியில்லப்பா" என்றான்.