எங்க காலத்துலே அதுக்குப் பேரு வேண்டுதல்

வா பேராண்டி, உக்காரு. மொதல்லே அந்த ஹெல்மெட்டை மடியிலேருந்து எறக்கி வெய்யி. கைக்கொழந்தையாட்டம் அணைச்சுக்கினு இருந்தா நான் எப்படிப் பேசறது?

இன்னாமோ கர்நாடகா எல்லையைப் பூரா பைக்குலே ஒரு சுத்து சுத்தப் போறியாமே. ஆஸ்டின் டவுன் பூரா அதே பேச்சு. நந்தன் கிரவுண்டுலே பந்து ஒதைக்கிற பொடிசுங்க கூடச் சொல்லுது. எப்போ கெளம்பறேன்னு கேட்டா, "பிளானிங் போய்க்கினு இருக்கு தாத்தா"ன்றே. எத்தினி மாசமா? ஏழு மாசமா! ஏழு மாசத்துலே கொறைப்பிரசவத்துலே புள்ளையே பொறந்துடும்டா. உன் பிளான் இன்னும் வவுத்துலேயே உருண்டுக்கினு கெடக்குது.

எங்கே, போனைக் காட்டு. எக்ஸெல் ஷீட்டா? நல்லா இருக்கு. தேதிக்கு ஒரு கட்டம், கிலோமீட்டருக்கு ஒரு கட்டம், பெட்ரோலுக்கு ஒரு கட்டம், ராத்தங்கலுக்கு ஒரு கட்டம். இது இன்னாது, பஃபர் டே? சும்மா இருக்கிற நாளா? சும்மா இருக்கிறதுக்கும் ஒரு கட்டம் போட்டு, அதுக்குப் பச்சைக் கலர் வேற அடிச்சு வெச்சிருக்கியே, உன் சாமர்த்தியத்தை நான் எங்கே போய்ச் சொல்றது?

அப்பாலே இந்த ஜாக்கெட்டு. முட்டிக்கு ஒரு ஓடு, முழங்கைக்கு ஒரு ஓடு, முதுகுக்கு ஒரு ஓடு. ஆமையைக் கேட்டுத் தெச்சாப்பலே இருக்குது. வெல இன்னான்னு கேட்டேன், நீ சொன்னே, நான் திண்ணையைப் புடிச்சுக்கினேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ஹெல்மெட்டு விசயத்துலே மட்டும் நான் வாயே தெறக்க மாட்டேன். நல்லதா போடு, மூஞ்சி பூரா மூடுறாப்பலே போடு. ஆனா அது மேலே ரெண்டு கேமரா எதுக்கு? ஒண்ணு ரோட்டைப் பாக்கும், இன்னொண்ணு உன் மூஞ்சியைப் பாக்கும். நீ யாரைப் பாக்கப் போறே?

சரி, கோவிச்சுக்காதே. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். எல்லை எங்கே இருக்குது?

மேப்புலே காட்டுறியே, அந்தக் கோடா? அந்தக் கோடு எனக்குத் தம்பி முறைடா. நான் பொறந்தப்போ அது பொறக்கவே இல்லே. 1956 நவம்பர் 1-ஆம் தேதி போட்டது. அதுக்கு மின்னாடி கொள்ளேகால் எந்த ஜில்லா சொல்லு? கோயமுத்தூரு ஜில்லா. மெட்ராஸ் மாகாணம். மங்களூரும் மெட்ராஸ்தான். பெல்லாரியும் மெட்ராஸ்தான், அது மட்டும் அவசரப்பட்டுக்கினு 1953-லேயே இந்தப் பக்கம் வந்துடுச்சு. பீதர், குல்பர்கா, ராய்ச்சூரு எல்லாம் நிஜாம் சொத்து. பெல்காம், பிஜாப்பூர், கார்வார் பம்பாய்க்காரனுது. கூர்க்கு தனிக்குடித்தனம். நீ சுத்தப் போற ஓரத்துலே பெரும்பாதி மைசூரு மகாராஜா ஊரே கெடையாது. எல்லாம் நாலு பங்காளி வூட்டுலேருந்து பிரிச்சு எடுத்து ஒட்டினது. கர்நாடகான்ற பேரே 1973-லேதான் வந்தது. பெல்காமை வெச்சுக்கினு மகாராஷ்டிரா இன்னும் கோர்ட்டுலே நிக்குது. கேஸ் முடியறதுக்குள்ளே போய்ட்டு வந்துடு, இல்லாட்டி மறுபடியும் எக்ஸெல்லு போடணும்.

காகிதத்துலே இருக்கிறது ஒண்ணு, வாயிலே இருக்கிறது ஒண்ணு. நம்ம ஆஸ்டின் டவுனையே எடுத்துக்கோ. கிட்டல் நகர்னு பேரு மாத்தினாங்க. கிட்டல் யாரு? ஜெர்மனிக்காரப் பாதிரியாரு. 1894-லே கன்னடத்துக்குப் பெரிய அகராதி போட்டுக் குடுத்தவரு, 70,000 வார்த்தையாம். மகா மனுசன், எம்.ஜி. ரோட்டுலே செலை கூட இருக்குது. நீ ஒரு ஆட்டோவை நிறுத்தி, கிட்டல் நகர் போப்பான்னு சொல்லிப் பாரு. இறங்கி வேற ஆட்டோ புடின்னுவான்.

இப்போ அந்தக் கோட்டு மேலேயே வண்டியை ஓட்டணும்ன்றே. தம்பி, கோட்டு மேலே ரோடு கெடையாது. ரோடு போடறவன் ஊருக்கு ஊரு போடுவான், எல்லையோரமா ஊர்வலம் போக எவன் போடுவான்? எல்லா ரோடும் எல்லையைக் குறுக்கே வெட்டிக்கினுதான் போவும். உன் ஷீட்டுலே மதுகிரி, அடுத்தது பாவகடான்னு எழுதி இருக்கே. ரெண்டும் ஒரே தும்கூரு ஜில்லாதான். ஆனா அதுலேருந்து இதுக்குப் போற ரோடு நடுவுலே ஆந்திராவுக்குள்ளே நொழைஞ்சு, மடகசிராக்காரன் நெலத்தைத் தாண்டி, மறுபடியும் கர்நாடகா வரும். ரெண்டு கையையும் கோத்து வெச்சாப்பலே இந்த ஊரு அதுக்குள்ளே, அந்த ஊரு இதுக்குள்ளே. அங்கே போய் எது உள்ளே எது வெளியேன்னு பார்த்துக்கினு நின்னேன்னா கழுத்து சுளுக்கிக்கும். அந்தப் பக்கத்துக்காரன் தெனம் மூணு வாட்டி மாநிலம் மாறுறான், வவுத்துக் கடுப்புக்கு மாத்திரை வாங்க. அவன் எத்தினி ஸ்டிக்கர் ஒட்டணும் வண்டியிலே?

பாவகடாவுலே வெயிலைத் தவிர வேற ஒண்ணும் இல்லேன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். இப்போ அந்த வெயிலையே குத்தகைக்கு எடுத்து, 13,000 ஏக்கர்லே சோலார் தகடு வெச்சுட்டாங்க. 2,000 மெகாவாட்டாம். அங்கே மட்டும் கேமராவை வெளியே எடு, ஒத்துக்கறேன்.

இதுக்கும் மேலே ஒரு வேடிக்கை இருக்குது கேளு. கன்னடக்காரங்க சாமியாக் கும்புடற நடிகர் ராஜ்குமார் இருந்தாரே, அவரு பூர்வீக ஊரு காஜனூரு. அது எங்கே இருக்குது? தாளவாடியிலே. ஈரோடு ஜில்லா, தமிழ்நாடு. அவரைக் கடத்திக்கினு போய்க் காட்டுலே 108 நாளு வெச்சிருந்த வீரப்பன் ஊரு? கோபிநத்தம். அது கர்நாடகா! கோடு போட்டவன் பென்சிலைத் திருப்பிப் புடிச்சுட்டானோ இன்னாமோ. எல்லையைச் சுத்தறதுலே அந்தாளை மிஞ்ச ஆள் கெடையாது. மேப்பு இல்லே, ஜி.பி.எஸ். இல்லே, ரெண்டு சர்க்கார் போலீசும் பின்னாடி ஓடுச்சு. அவனைப் பார்த்துக் கத்துக்கோன்னு சொல்லலே, அந்தச் சாமர்த்தியத்துக்கு முடிவு இன்னா ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். சும்மா சொல்லி வெச்சேன்.

இது இன்னா, குண்டுலுபேட்டை கிட்டே நைட் ரைடுன்னு எழுதி இருக்கே? பந்திப்பூர்லே ராத்திரி 9 மணிக்குக் கேட்டைப் போட்டுடுவான், காலையிலே 6 மணிக்குத்தான் தொறப்பான். 2009-லேருந்து அதுதான் சட்டம். ஏழு மாசம் பிளான் பண்ணே, இதை எந்தக் கட்டத்துலே எழுதினே? கேட்டு கிட்டே போய் உன் ஷீட்டைக் காட்டினா வுட்டுடுவானா? அந்த நேரம் யானைங்களோடது. அதுங்களும் எல்லை தாண்டுதுங்கதான், பந்திப்பூர்லேருந்து முதுமலை, முதுமலையிலேருந்து வயநாடு. ஒண்ணு கூட லைவ் போடறது இல்லே.

கடலோரத்தை ஆடி மாசத்துலே வெச்சிருக்கே. மரவந்தேயிலே ஒரு பக்கம் கடலு, இன்னொரு பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவுலே ரோடு, சினிமாவாட்டம் இருக்கும்ன்றே. இருக்கும், நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா அந்தக் கரையிலே ஆடி மழை உன் ஜாக்கெட்டைக் கேட்டுக்கினு பெய்யாது. 2024 ஆகஸ்டுலே கார்வார் கிட்டே காளி ஆத்துப் பழைய பாலம் நடுராத்திரியிலே இடிஞ்சு வுழுந்துச்சு. மேலே போய்க்கினு இருந்த லாரியும் ஆத்துலே. டிரைவர் நம்ம தமிழ்நாட்டு ஆளு. வண்டி மேலே ஏறி நின்னு உசுரு பொழைச்சான். அதுக்கு மின்ன மாசந்தான் அங்கோலா பக்கம் சிரூர்லே மலையே சரிஞ்சு ரோட்டு மேலே வந்துச்சு. டீக்கடையோட, ஆளுங்களோட போச்சு. கார்த்திகைக்கு அப்பாலே போடா. கடலு எங்கேயும் ஓடிப் போயிடாது.

பீதரை நீ வடக்கு மூலைன்னு குறிச்சிருக்கே. நமக்கு மூலை. பீதர்க்காரனுக்கு அது நடு ஊருடா. பெங்களூரு அவனுக்கு 700 கிலோமீட்டரு. ஒடம்புக்கு முடியலேன்னா அவன் இங்கே வருவானா, 150 கிலோமீட்டர்லே இருக்கிற ஐதராபாத்துக்கு ஓடுவானா? நீ அங்கே போய் இறங்கி, "நான் மூலைக்கு வந்துட்டேன்"னு வீடியோ எடுத்தா அவன் உன்னை ஒரு மாதிரி பார்ப்பான். சிரிச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்துடு.

எல்லை கண்ணுக்கே தெரியாதான்னு கேக்கறியா? தெரியும். சில நாளு தெரியும். 2016 செப்டம்பர்லே காவேரிக் கலாட்டா. ரெண்டு பக்கமும் பஸ்ஸை நிறுத்திட்டாங்க. எங்க தங்கச்சி ஜூஜூவாடியிலே இறங்கி, தலையிலே மூட்டை, கக்கத்துலே பேத்தி, அத்திப்பள்ளிக்கு நடந்தே வந்தா. நான் இந்தப் பக்கம் நிக்கறேன். நடுவுலே போலீசு, அப்பாலே வெறும் ரோடு. ஆஸ்டின் டவுன்லேருந்து அத்திப்பள்ளி 35 கிலோமீட்டர் கூட இல்லே, ஆயிரம் வாட்டி தாண்டி இருப்பேன், அன்னிக்குத்தான் அந்தக் கோட்டை மொதவாட்டி பார்த்தேன். 2020 ஊரடங்குலே கேரளா போற ரோடுங்கள்லே மண்ணைக் கொட்டி மூடினாங்களே, அப்போ அவங்க பார்த்தாங்க. மத்த நாள்லே தக்காளி வண்டிக்கும் பூக்காரிக்கும் கோடு ஏது?

நீ என்னை ஒண்ணும் தெரியாத கெழவன்னு நெனைச்சுக்கினு இருக்கே. நானும் ஒரு வாட்டி எல்லையைச் சுத்தி வந்திருக்கேன். எங்க காலத்துலே அதுக்குப் பேரு வேண்டுதல்.

85-ஓ 86-ஓ, சரியா நெனப்பு இல்லே. டி.வி.எஸ். 50 வாங்கின புதுசு. அது பொறந்ததே எல்லையிலேதான்டா, ஓசூர்லே. 1980-லே வந்தது, ரெண்டு பேர் உக்கார்ற மொத மொபெட்டுன்னு. உங்க ஆயா மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கினா, உங்க அப்பனுக்குக் காய்ச்சல் வுட்டா மொட்டை போடறேன்னு. மொட்டை யாருக்குன்னு வேண்டிக்கினப்போ சொல்லலே, அங்கே போய்த்தான் என் தலையைக் காட்டினா. கனகபுரா, கொள்ளேகால், அனூரு வழியாப் போனோம். ஏத்தம் வந்தா அவ எறங்கி நடப்பா, நான் பெடலு மிதிப்பேன். மேலே யாரு மொதல்லே போறதுன்னு எங்களுக்குள்ளே பந்தயம், அவதான் ஜெயிப்பா.

மொட்டை போட்டு, வந்த வழியே திரும்பாம, வாணியம்பாடி பக்கம் எங்க ஊருக்கும் தலையைக் காட்டிட்டு வரலாம்னு பாலாறு எறங்கினோம். நம்ம வாணியம்பாடிப் பாலாறு இல்லே, இது காவேரியிலே போய்க் கலக்குற வேற பாலாறு. பாலத்துக்கு இந்தாண்டையே டப்புன்னு ஆக்சிலேட்டர் வயரு அறுந்துடுச்சு. சுத்தி காடு. செல்லு இல்லே, டூல்கிட்டு இல்லே. நான் தலையைச் சொறியப் போனேன், முடி இல்லே. உங்க ஆயா ஒரு விறகுச் சுள்ளி ஒடைச்சா. அறுந்த வயரு நுனியை அதுலே சுத்தி, பின்னாடி உக்காந்துக்கினு கையிலே புடிச்சுக்கினா. நான் ஹேண்டிலு, அவ ஆக்சிலேட்டரு. "இழு"ன்னா இழுப்பா, "வுடு"ன்னா வுடுவா. கோவம் வந்தா சொல்லாமலே இழுப்பா. அப்படியே பாலம் தாண்டி, எல்லை தாண்டி, மேட்டூரு வரைக்கும் வந்தோம். எல்லையைத் தாண்டின எடத்துலே நாங்க போட்டோ எடுக்கலே. அவ அந்த நேரம் எதுக்கோ திட்டிக்கினு இருந்தா.

மேட்டூர்லே வயரு மாத்தினவன் வாங்கினது 5 ரூவாயோ 6 ரூவாயோ. அப்பாலே தர்மபுரி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, திரும்பி ஓசூரு, வூடு. மொத்தம் எத்தினி கிலோமீட்டரா? யாருக்குத் தெரியும்? மீட்டரு வயரு அதுக்கு மின்னாடியே அறுந்துடுச்சே.

இந்தா, இதைப் புடி. கிளட்ச் வயரு ஒண்ணு, ஆக்சிலேட்டர் வயரு ஒண்ணு, பிளக்கு ஒண்ணு. ஜே.சி. ரோட்டுலே உனக்குன்னு வாங்கி வெச்சேன். உன் பையிலே மூணு சார்ஜர் இருக்குது, இதுலே ஒண்ணு கூட இல்லே, நான் பார்த்துட்டேன். ஆறு மாநிலத்தை ஒரசிக்கினு போறே, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட்டு எல்லாம் போன்லே மட்டும் வெச்சுக்காம ஒரு காகிதத்துலேயும் வெய்யி. சார்ஜு போன எடத்துலேதான் போலீசுக்காரன் நிப்பான்.

உள்ளேருந்து ஆயா இன்னா கத்தறா? வயரு சுத்தினது சுள்ளியிலே இல்லையாம், அவ கொண்டை ஊசியிலேயாம். சரி, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ போறப்போ மாதேஸ்வரன் மலையிலேருந்து அவளுக்கு ஒரு பொட்டலம் விபூதி எடுத்துக்கினு வரணுமாம். அந்த ஷீட்டுலே அதுக்கு ஒரு கட்டம் போடு. பச்சைக் கலர் அடி.