கல்லும் உழவாரமும்

கேள்வி: சோதனைக்கு மேல் சோதனை வந்தால் நம்பிக்கை ஆட்டம் காணாதா?

பதில்: தேவாரம் பாடிய சிவனடியார் அப்பருக்கு ஆட்டம் கண்டது உடம்பு மட்டும்தான்! பல்லவ மன்னன் ஆணையால் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள், பிறகு நஞ்சு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். அந்தக் கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்த்தது என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். எனக்கு அந்த அற்புதத்தைவிடப் பெரிதாகத் தெரிவது அப்பர் கையிலிருந்த உழவாரம் என்ற புல் செதுக்கும் கருவி. பல்லவ மன்னனுக்கே பணியாதவர், ஊர் ஊராக நடந்து, கோயில் பிராகாரத்தில் குனிந்து புல் செதுக்கினார். முதுமையில் சிவன் உறையும் கயிலைக்குக் கிளம்பினார். கால் தேய்ந்தது, கையை ஊன்றினார். கை தேய்ந்தது, மார்பால் தவழ்ந்தார். அதுவும் முடியாதபோது உருண்டார். முனிவர் வேடத்தில் வந்து "திரும்பிப் போ" என்ற சிவனிடமே முடியாது என்று சொல்லிவிட்டார்.