முறைக்கலீங்க, தைராய்டுங்க!

கேள்வி: தைராய்டால் கண் பிதுங்கிவிட்டது. கல்யாண வீட்டில், “ஏனுங்க முறைக்கறீங்க?” என்கிறார்கள். மனசுக்கும் வைத்தியம் வேண்டுமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: வேணுமுங்க. குத்தலையும் ‘ங்க’ போட்டுக் கேட்பதுதானே நம்மூர் மரியாதை! 1835-இல் டப்ளின் டாக்டர் கிரேவ்ஸ் விவரித்த நோயோடு வருவது இந்தக் கண் பிதுக்கம். விழிக்குப் பின்னால் தசையும் கொழுப்பும் வீங்கினால் ஊர் அதைக் கோபம் என்கிறது. படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் தைராய்டு கூடினாலே வரும். கண்ணாடி பார்த்து வரும் சோர்வு அதற்கு மேல். ரத்தப் பரிசோதனை சரியான பிறகும் அந்தச் சோர்வு போகாமல் இருக்கலாம். சிகரெட் புகை கண்ணை இன்னும் கெடுக்கும். வீட்டுக்காரர் பிடிப்பவரானால் அவரை மட்டும் நிஜமாகவே முறைக்கலாம். கோவையில் அரவிந்த் கண் மருத்துவமனையோ சங்கராவோ, எங்கே கண்ணைக் காட்டினாலும், “வெளியே போகவே கூசுதுங்க” என்றும் சொல்லுங்கள். சொட்டு மருந்துச் சீட்டோடு மனநல மருத்துவருக்கும் ஒரு சீட்டு கேட்டு வாங்குங்கள்.